இந்த போர்டில் உட்காருமா?

சனிக்கிழமை மதியம் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடை வாசலில் நின்றால், ஒரே கேள்வி வெவ்வேறு குரல்களில் காதில் விழும். "அண்ணே, இதுல ஐ3 இருக்கு. கழட்டிட்டு ஐ7 போட்டா இந்த போர்டுல உட்காருமா?" கேட்பவர் கையில் சில நேரம் போர்டே இருக்கும். சில நேரம் பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் அணைத்துப் பிடித்துக் கொண்டுவந்த கேபினட் இருக்கும். என்ன வேலைக்கு என்று கடைக்காரர் முதலில் கேட்பதில்லை. "போர்டு நம்பர் என்ன?" என்பார். நம்பரைக் கேட்டதும் அவர் முகத்திலேயே பாதி பதில் தெரிந்துவிடும். "உட்காராது தம்பி. போர்டையும் சேர்த்து மாத்தணும். போர்டு மாத்துனா ரேமும் மாறும்." ஒரு பிராசஸர் வாங்க வந்தவர் மூன்று பொருளுக்கான கொட்டேஷனோடு திரும்புகிறார்.

அந்தப் பதில் கடைக்காரருடையது அல்ல. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அமெரிக்காவிலும் தைவானிலும் எடுக்கப்பட்ட முடிவுகள் அவர் வாய் வழியாக வருகின்றன. பிராசஸரும் மதர்போர்டும் சந்திக்கும் இடம் சாக்கெட். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சதுரம் யார் பிடியில் இருந்தது என்பதைப் பொறுத்துத்தான் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவரின் செலவு கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது.

'உட்காரும்' என்பது தெருவில் பிறந்த சொல். மிகச் சரியான சொல்லும்கூட. தமிழ்நாட்டில் பலர் மேசைக்குக் கீழே இருக்கும் முழுப் பெட்டியையும் 'சிபியூ' என்கிறார்கள். உண்மையான சிபியூ அந்தப் பெட்டிக்குள், போர்டின் நடுவே, விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் நான்கு சென்டிமீட்டர் சதுரம். அது தானாக எதையும் செய்யாது. அதற்கு மின்சாரம் கொடுப்பதும், ரேமோடு பேச வைப்பதும், 'நீ யார்' என்று அடையாளம் கண்டு எழுப்புவதும் போர்டின் வேலை. இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும் திரை கறுப்பாகவே இருக்கும்.

கதை தொடங்கும் நாள் 1981 ஆகஸ்ட் 12. அன்று ஐபிஎம் தன் முதல் பிசியை அறிவித்தது. ஃபுளோரிடாவின் போகா ரட்டோனில் ஒரு சிறு குழு ஏறக்குறைய ஓராண்டுக்குள் அதைச் செய்து முடித்திருந்தது. எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்து பழகிய நிறுவனம் அது. இந்த முறை அவசரத்தில் சந்தையில் கிடைத்த பாகங்களையே வாங்கிப் போட்டது. பிராசஸர் இன்டெல்லின் 8088, வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ், நீளவாக்கில் இரு வரிசையாக நாற்பது கால்கள். அதற்குப் பக்கத்திலேயே ஒரு சாக்கெட்டைக் காலியாக விட்டிருந்தார்கள். கணக்குப் போடும் துணைச் சிப்பான 8087-ஐப் பின்னால் வாங்கிச் செருகிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. வாங்கியவரே பிறகு மேம்படுத்திக்கொள்வதற்கான இடம் முதல் போர்டிலேயே இருந்தது.

இன்னொன்றையும் ஐபிஎம் செய்தது. சுற்றுப்படங்களையும், கம்ப்யூட்டரை எழுப்பும் பயாஸ் நிரலின் முழு வரிகளையும் ஒரு கையேட்டில் அச்சிட்டு விற்றது. துணைக்கருவி செய்பவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்பது எண்ணம். பயாஸுக்குப் பதிப்புரிமை இருந்ததால் அதை அப்படியே நகலெடுக்க முடியாது. அது செய்யும் வேலையை மட்டும் ஒரு குழு எழுதிக் கொடுக்க, ஐபிஎம் நிரலைக் கண்ணால் பார்க்காத இன்னொரு குழு புதிதாக எழுதினால்? காம்பேக் அதைத்தான் செய்தது. 1982 நவம்பரில் தன் பிசியை அறிவித்தது. 1984-ல் ஃபீனிக்ஸ் நிறுவனம் அதே முறையில் எழுதிய பயாஸை, கேட்பவர்க்கெல்லாம் விற்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு மதர்போர்டு என்பது யார் வேண்டுமானாலும் செய்து விற்கக்கூடிய சரக்காயிற்று.

பிராசஸர் பக்கமும் கதவு திறந்திருந்தது. ஒரே நிறுவனத்தை நம்பி இருக்க மாட்டோம், இரண்டாவதாக ஒருவரும் இதே சிப்பைச் செய்ய வேண்டும் என்று ஐபிஎம் பிடிவாதமாக நின்றது. அதனால் 1982-ல் இன்டெல்லும் ஏஎம்டியும் ஒப்பந்தம் போட்டன. ஜப்பானின் என்இசி இன்னொரு வழியில் வந்தது. அதன் வி20 சிப், 8088-ன் அதே நாற்பது கால்களில் அப்படியே பொருந்தும்; கொஞ்சம் வேகமும் கூடுதல். பழைய சிப்பைத் திருப்புளியால் இரு பக்கமும் மெல்ல நெம்பி எடுத்து, வி20-ஐக் கால் வளையாமல் அமுக்கிவிட்டால் வேலை முடிந்தது. போர்டு, ரேம், டிஸ்க் எதையும் தொட வேண்டியதில்லை. வீட்டில் செய்த முதல் பிராசஸர் அப்கிரேடுகளில் இதற்கு இடம் உண்டு.

386 சிப் வந்தபோது இன்டெல் கையை மூடிக்கொண்டது. இனி ஏஎம்டிக்கு உரிமம் இல்லை என்றது. ஏஎம்டி வழக்குக்குப் போனது. 1991-ல் தன் சொந்த 386-ஐக் கொண்டுவந்தது. அதற்கும் அதே கால்கள், அதே சாக்கெட். எண்ணை வணிகச் சின்னமாகப் பதிவு செய்து காத்துக்கொள்ள முடியாது என்பது இன்டெல்லுக்கு அதற்குள் உறைத்துவிட்டது. 1993-ல் வந்த அடுத்த சிப்புக்கு 586 என்று பெயர் வைக்காமல் பென்டியம் என்று வைத்ததற்குக் காரணம் அதுதான்.

தைவான் எழுந்ததும் இந்தக் காலத்தில்தான். கிகாபைட், எம்எஸ்ஐ இரண்டும் 1986-ல் தொடங்கப்பட்டவை. 1989-ல் ஏசரிலிருந்து வெளியேறிய பொறியாளர்கள் நால்வர் அசூஸைத் தொடங்கினார்கள். இன்றைக்கு ரிச்சி தெருக் கொட்டேஷனில் போர்டு என்ற வரிக்கு நேரே எழுதப்படும் பெயர்களில் பெரும்பாலானவை அந்தச் சில ஆண்டுகளில் பிறந்தவை.

ரிச்சி தெரு அதற்கு முன்பே இருந்தது. அண்ணா சாலைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே, நரசிங்கபுரம் தெருவையும் மீரான் சாகிபு தெருவையும் சேர்த்துக்கொண்டு, ரேடியோ வால்வும் டிரான்சிஸ்டரும் ஸ்பீக்கரும் விற்ற தெரு. டெல்லிக்கு நேரு பிளேஸ், மும்பைக்கு லேமிங்டன் ரோடு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு போல சென்னைக்கு இது. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த புதிய கம்ப்யூட்டர் கொள்கை இறக்குமதியைத் தளர்த்தியது. 1991-க்குப் பிறகு கதவு இன்னும் அகலமாயிற்று. ஆனால் சுங்க வரி பல ஆண்டுகள் கனமாகவே இருந்தது. சிங்கப்பூரிலிருந்து 'குருவிகள்' பெட்டியில் துணிமணிக்கு நடுவே கொண்டுவந்த ரேமும் பிராசஸரும் பில் இல்லாமல் கைமாறிய காலம் அது. விரல் நகத்துக்குக் கொஞ்சம் பெரிய பொருளில் அவ்வளவு விலை அடங்கியிருந்ததால், குருவிக்கு அதைவிட வசதியான சரக்கு கிடையாது. தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான உலக வர்த்தக உடன்பாட்டில் இந்தியா 1997-ல் சேர்ந்து, 2005-க்குள் வரியைப் படிப்படியாக நீக்கியது. அதன்பின் அந்தப் பெட்டிகளுக்கு வேலை குறைந்தது.

வரி கனத்த அந்தக் காலத்தில் கம்பெனி பிராண்டு கம்ப்யூட்டர் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத பொருள். தெருவில் உதிரியாக வாங்கி, தெரிந்த பையனை வைத்து மாட்டிக்கொள்ளும் 'அசெம்பிள்டு சிஸ்டம்' மட்டும்தான் எட்டியது. கல்லூரி முதலாம் ஆண்டு மாணவன் வீட்டில், டிடிபி சென்டரில், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் பின்னறையில் ஓடியதெல்லாம் அப்படி மாட்டியவை. அவற்றில் பலவற்றின் மையத்தில் இருந்தது, 1995-ல் வந்த சாக்கெட் 7.

321 ஓட்டைகள் கொண்ட அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் சதுரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இன்டெல்லின் பென்டியம் அதில் உட்காரும். ஏஎம்டியின் கே5, கே6 உட்காரும். சைரிக்ஸ் உட்காரும், ஐடிடியின் வின்சிப் உட்காரும். ஒரே போர்டில் நான்கு கம்பெனிகளின் பிராசஸர்! சிப்செட்டிலும் அப்படித்தான், இன்டெல்லுக்குப் பதிலாக வியா, எஸ்ஐஎஸ், ஏஎல்ஐ எதையும் எடுக்கலாம். போர்டு ஒரு கடையில், பிராசஸர் இன்னொரு கடையில் என்று பேரம் பேசி வாங்க முடிந்த காலம். வீட்டுக் கம்ப்யூட்டர்காரருக்கு இதைவிட நல்ல காலம் அதற்கு முன்னும் இருந்ததில்லை, அதற்குப் பின் நெடுநாள் வரவும் இல்லை.

அந்தச் சுதந்திரத்துக்குக் கையும் கண்ணும் கூர்மையாக இருக்க வேண்டியிருந்தது. போர்டில் சிறு ஊசிகள் வரிசையாக நிற்கும்; எந்த இரண்டு ஊசியை எந்த ஜம்பரால் இணைப்பது என்பதை மெல்லிய கையேட்டில் ஒரு அட்டவணை சொல்லும். பஸ் வேகம் ஒரு ஜம்பர், அதைப் பிராசஸர் வேகமாக்கும் பெருக்கல் எண் ஒரு ஜம்பர், வோல்டேஜ் ஒரு ஜம்பர். சாதாரண பென்டியத்துக்கு 3.3 வோல்ட். எம்எம்எக்ஸ் பென்டியத்துக்கு 2.8. கே6-2-க்கு 2.2. முந்தைய சிப்புக்கு வைத்த ஜம்பரை மாற்ற மறந்து புதுச் சிப்பை உட்கார வைத்தால், ஓட்டையில் அழகாகப் பொருந்தும், நெம்புகோல் இறங்கும், சுவிட்ச் போட்டதும் சிப் கருகும்.

பவர் கேபிளிலும் அதே கவனம் தேவைப்பட்டது. அன்றைய ஏடி போர்டுகளுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கனெக்டர்கள் வரும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. இடம் மாற்றிச் செருகினால் போர்டு போயிற்று. அதற்குத் தெருவில் எல்லோருக்கும் மனப்பாடமான விதி, கறுப்பு வயர் நாலும் நடுவுல வரணும் என்பது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பது அதுவாகத்தான் இருக்கும். 1995-ல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அமைப்பு, திருப்பிச் செருகவே முடியாத ஒற்றைக் கனெக்டரைக் கொண்டுவந்து அந்த விதியை ஓய்வுபெற வைத்தது. அந்த ஏடிஎக்ஸ் அளவும் திருகு ஓட்டைகளும் பெரும்பாலும் மாறாமல் இருப்பதால், இன்றும் பழைய கேபினட்டில் புதுப் போர்டை மாட்ட முடிகிறது. பெட்டிக்கு வந்த இந்த நிலைத்த தன்மை சாக்கெட்டுக்கு வாய்க்கவில்லை.

கே6 சாக்கெட் 7-க்கு வந்ததற்குப் பின்னால் ஒரு இந்தியர் இருக்கிறார். புனேயில் பிறந்து டெல்லியில் பொறியியல் படித்த வினோத் தாம், இன்டெல்லில் பென்டியம் பணிக்குத் தலைமை வகித்தவர். 1995-ல் அங்கிருந்து விலகி நெக்ஸ்ஜென் என்ற சிறு நிறுவனத்துக்குப் போனார். அது தனக்கென்று ஒரு சாக்கெட்டை வைத்துப் புதிய சிப் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. ஏஎம்டி நெக்ஸ்ஜென்னை வாங்கியதும், அந்தச் சிப்பை சாக்கெட் 7-ல் உட்காரும்படி மாற்றியது. 1997-ல் அதுதான் கே6 ஆக வெளிவந்தது. தனி சாக்கெட்டில் வந்திருந்தால் அதை வாங்குபவர் புதுப் போர்டும் தேட வேண்டியிருக்கும். இருக்கிற போர்டிலேயே உட்கார்ந்ததால் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போனது.

அதன் தம்பி கே6-2 ஒரு படி மேலே போனது. பழைய போர்டுகளில் ஆறு மடங்குப் பெருக்கலுக்கு ஜம்பரே கிடையாது. அதனால் இரண்டு மடங்கு என்று வைக்கப்பட்ட ஜம்பரை ஆறு மடங்கு என்று அது எடுத்துக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். 66 மெகாஹெர்ட்ஸ் பஸ் மட்டுமே தெரிந்த போர்டு, 2.2 வோல்ட் மட்டும் தர முடிந்தால் போதும், 400 மெகாஹெர்ட்ஸ் சிப் அதில் ஓடும். பென்டியம் 133 இருந்த இடத்தில் மூன்று மடங்கு வேகம், போர்டைக் கழற்றாமல். பழைய போர்டு வைத்திருப்பவரை மனதில் வைத்து ஒரு பொறியாளர் யோசித்த யோசனை அது. பாராட்ட வேண்டிய யோசனை.

தன் சாக்கெட்டில் அடுத்தவர் சிப் உட்கார்வதை இன்டெல் நெடுநாள் பொறுத்துக்கொள்ளவில்லை. 1997 மே மாதம் பென்டியம் II வந்தபோது அது சிப்பாகவே இல்லை. வீடியோ கேசட் போலக் கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது. சாக்கெட்டுக்குப் பதிலாக ஸ்லாட் 1 என்ற நீளப் பள்ளம், 242 தொடுபுள்ளிகள். கேஷ் நினைவகச் சிப்களைப் பிராசஸரோடு ஒரே அட்டையில் வைக்க வேண்டியிருந்தது என்பது உண்மையான தொழில்நுட்பக் காரணம். அந்த இணைப்பு முறை இன்டெல்லின் காப்புரிமைக்குள் இருந்தது, போட்டியாளர்களுக்கு அது கிடைக்கவில்லை என்பது வணிகக் காரணம். ஏஎம்டி பழைய சாக்கெட்டையே 100 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி 'சூப்பர் 7' என்று சில ஆண்டுகள் ஓட்டியது. பிறகு அத்லான் சிப்புக்குத் தனக்கென்று ஸ்லாட் ஏ வைத்துக்கொண்டது. 1999-லிருந்து இன்டெல் போர்டு வேறு, ஏஎம்டி போர்டு வேறு. கடைக்குப் போகிறவர் முதலில் கட்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அப்புறம்தான் போர்டு.

ஆனாலும் தெரு சும்மா இருக்கவில்லை. 1998 ஆகஸ்டில் செலரான் 300ஏ வந்தது. மலிவுப் பிராசஸர்தான். ஆனால் 128 கிலோபைட் கேஷ், பிராசஸரின் அதே முழு வேகத்தில், சிப்புக்குள்ளேயே இருந்தது. பெருக்கல் எண் 4.5 என்று இன்டெல் பூட்டியிருந்தது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் 300 கிடைக்கும். அதே பஸ்ஸை 100 ஆக்கினால் 450. அதே ஆகஸ்டில் இன்டெல் விற்பனைக்கு விட்ட உச்சப் பென்டியம் II-ன் வேகம் அது. 440பிஎக்ஸ் சிப்செட் போர்டுகளுக்கு 100 மெகாஹெர்ட்ஸ் தெரியும். சிக்கல் என்னவென்றால், 'எனக்கு 66 போதும்' என்று பிராசஸரே போர்டிடம் ஒரு புள்ளி வழியாகச் சொல்லிவிடும். அட்டையின் ஓரத்தில் இருக்கும் பி21 என்ற அந்தத் தொடுபுள்ளி மீது நூலளவு அகலத்துக்கு டேப்பை வெட்டி ஒட்டினால், போர்டு நூறைக் கொடுத்துவிடும். டேப் அரை மில்லிமீட்டர் விலகினால் பக்கத்துப் புள்ளியும் மூடிக்கொள்ளும், எதுவும் எழாது. பிளேடு, டேப், நல்ல வெளிச்சம், நடுங்காத விரல் இருந்தால் உச்ச விலைச் சிப்பின் வேகம் கைக்கு வந்தது. உலகம் முழுக்க அந்த ஆண்டு மேசை விளக்குக்கு அடியில் எத்தனையோ பேர் குனிந்து செய்த வேலை இது.

இன்டெல்லே மறுபடி சாக்கெட்டுக்குத் திரும்பி 370 கால் சிப்புகளை விற்றபோது, தைவான்காரர்கள் ஸ்லாட்டில் நிற்கும் சிறு அட்டை ஒன்றைச் செய்தார்கள். அதில் சாக்கெட் இருக்கும். புதுச் சிப்பை அதில் உட்கார வைத்து, அட்டையைப் பழைய ஸ்லாட் போர்டில் செருகிக்கொள்ளலாம். கம்பெனி பூட்டிய கதவுக்குச் சாவி செய்து விற்பது அங்கே ஒரு தொழிலாகவே நடந்தது.

சாக்கெட் 370 வேறொரு கசப்பான பாடத்தையும் கொடுத்தது. 1999 தொடக்கத்தில் வந்த செலரானுக்கு 370 கால். அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்த புது வகைப் பென்டியம் III-க்கும் 370 கால். 2001-ல் வந்த டுவாலட்டினுக்கும் 370 கால். மூன்றும் ஒரே ஓட்டையில் இறங்கும். ஆனால் முதல் வகைக்குச் செய்த போர்டில் இரண்டாவது எழாது. இரண்டாவதுக்குச் செய்த போர்டில் மூன்றாவது எழாது. வோல்டேஜும் கால்களின் வேலையும் உள்ளுக்குள் மாறியிருந்தன. உட்காருவதும் எழுவதும் வேறு வேறு என்பதைத் தெரு காசு கொடுத்துக் கற்றது.

2000-ஆம் ஆண்டுகளில் பென்டியம் 4 முதலில் சாக்கெட் 423-ல் வந்து, ஓராண்டு முடிவதற்குள் 478-க்கு மாறியது. முதல் சில மாதங்களில் ஆசைப்பட்டு வாங்கியவர்கள் அந்த இடத்திலேயே நின்றுபோனார்கள். ஏஎம்டியின் சாக்கெட் ஏ நீண்டநாள் ஓடியது. ஆனால் அதன் சிலிக்கான் மேலே மூடியில்லாமல் இருக்கும். ஹீட்சிங்க் கிளிப்பை அமுக்கும்போது கை சறுக்கினால் மூலை உடையும். அதே ஆண்டுகளில் தைவான் போர்டுகளின் எலக்ட்ரோலைட்டிக் கபாசிட்டர்கள் தலை உப்பி வெடித்தன. பல பிராண்டுகளைப் பாதித்த குறை அது. ஹாங் ஆகிறது என்று வந்த போர்டைத் திருப்பிப் பார்க்காமலேயே, கபாசிட்டர் தலையை விரலால் தடவிப் பார்த்துச் சொல்லிவிடும் மெக்கானிக்குகள் அப்போது உருவானார்கள்.

2004-ல் இன்டெல் எல்ஜிஏ 775-ஐக் கொண்டுவந்தது. அதுவரை கால்கள் பிராசஸரில் இருந்தன, ஓட்டைகள் போர்டில். இப்போது தலைகீழ். பிராசஸரின் அடியில் தட்டையான தங்கப் புள்ளிகள் மட்டும்; முடிபோன்ற ஊசிகள் போர்டின் சாக்கெட்டில். ஊசி வளைந்தால் நட்டம் போர்டுக்கு. 'நான் தொடவே இல்லை, அப்பவே வளைஞ்சிருந்தது' என்ற வாரண்டிப் பஞ்சாயத்து அன்று தொடங்கியது, இன்னும் முடியவில்லை. விவரமான கடைக்காரர்கள் போர்டைக் கொடுக்கும் முன் சாக்கெட் மூடியைத் திறந்து, மொபைல் டார்ச் அடித்து, வாங்குபவர் கண் முன்னாலேயே ஊசிகளைக் காட்டிவிட்டு மூடுகிறார்கள். இரு தரப்புக்கும் நல்ல பழக்கம்.

775-ம் பெயருக்கு ஒரே சாக்கெட்தான். 2006-ல் கோர் 2 டுயோ வந்தது. தொடக்க கால 915 சிப்செட் போர்டுகளில் அது அழகாக உட்காரும், எழாது. அதற்குப் பின் 1156, 1155, 1150, 1151 என்று எண்கள் வேகமாக மாறின. பெரும்பாலும் இரண்டு தலைமுறைக்கு ஒரு சாக்கெட் என்ற வழக்கம் நிலைபெற்றது.

அதில் மிகவும் பேசப்பட்டது 1151. 2015-ல் வந்தது, ஆறாம் தலைமுறையும் ஏழாம் தலைமுறையும் அதில் ஓடின. 2017 அக்டோபரில் எட்டாம் தலைமுறை வந்தபோதும் அதே 1151 புள்ளிகள். ஆனால் பழைய போர்டில் ஓடாது, 300 வரிசைப் போர்டு வேண்டும் என்றது இன்டெல். கூடுதல் கோர்களுக்குக் கூடுதல் மின்சாரம் தேவை, அதற்காகச் சில புள்ளிகளின் வேலையை மாற்றியிருக்கிறோம் என்பது அது சொன்ன காரணம். ஆர்வலர்கள் விடவில்லை. பயாஸைத் திருத்தி எழுதினார்கள். பிராசஸரின் அடியில் சில புள்ளிகளை டேப்பால் மறைத்து, சிலவற்றை இணைத்தார்கள். பழைய இசட்170 போர்டில் எட்டாம் தலைமுறைச் சிப் எழுந்து ஓடியது. செலரானுக்கு டேப் வெட்டிய நாளிலிருந்து இருபது ஆண்டு கழித்து, மறுபடி அதே பிளேடு, அதே டேப். சொன்ன காரணத்தில் எவ்வளவு பொறியியல், எவ்வளவு வணிகம் என்ற சந்தேகம் அதன்பின் வாங்குபவர் மனதை விட்டுப் போகவில்லை.

இதே 2017 மார்ச்சில் ஏஎம்டி தன் ரைசன் பிராசஸர்களை ஏஎம்4 சாக்கெட்டில் இறக்கியது. 1331 கால்கள், கால்கள் பழையபடி பிராசஸரிலேயே. இந்தச் சாக்கெட்டைப் பல ஆண்டு வைத்திருப்போம் என்று ஏஎம்டி வாக்குக் கொடுத்தது. வாக்கைக் காப்பது எளிதாக இருக்கவில்லை. எங்கே இடித்தது என்பது சுவாரஸ்யமானது. பல போர்டுகளில் பயாஸ் இருக்கும் சிப்பின் கொள்ளளவு 16 மெகாபைட். ஒவ்வொரு புதுப் பிராசஸரையும் அடையாளம் காண அதில் கொஞ்சம் நிரல் சேர வேண்டும். ஒரு கட்டத்தில் இடம் தீர்ந்தது. போர்டு கம்பெனிகள் பயாஸின் வண்ணப் படங்களை எடுத்துவிட்டு வெறும் எழுத்துத் திரையாக்கின. அரிதாகிவிட்ட பழைய சிப்களின் ஆதரவை நீக்கின. இன்னொரு முட்டுக்கட்டையும் வந்தது. புதுச் சிப் ஓட வேண்டுமானால் பயாஸை அப்டேட் செய்ய வேண்டும். பயாஸை அப்டேட் செய்ய ஏற்கெனவே ஓடுகிற ஒரு சிப் வேண்டும். 2018-ல் அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு ஏஎம்டி ஒரு மலிவுப் பிராசஸரை அனுப்பி, அப்டேட் செய்துவிட்டுத் திருப்பித் தரச் சொன்னது.

2020 மே 7 அன்று ஏஎம்டியும் தடுமாறியது. அடுத்து வரும் ரைசன் 5000 வரிசைக்கு 500 வரிசைப் போர்டு வேண்டும், பி450 போன்ற முந்தைய போர்டுகளில் ஓடாது என்று அறிவித்தது. அந்தப் போர்டுகளை வாங்கி ஓராண்டுகூட ஆகாதவர்கள் பலர். எதிர்ப்பு பலமாக எழுந்தது. பன்னிரண்டே நாளில், மே 19 அன்று, முடிவை மாற்றிக்கொண்டது. 2022-ல் இன்னும் பின்னால் போய், 2017-ன் முதல் போர்டுகளுக்கும் கதவைத் திறந்தது. அந்த ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி, அன்றைய கேம் பிராசஸர்களில் முன்வரிசையில் நின்ற சிப், ஐந்து வயதான போர்டுகளில் பயாஸ் அப்டேட் ஒன்றோடு எழுந்தது. சாக்கெட் 7-க்குப் பிறகு வீட்டுக் கம்ப்யூட்டர்காரருக்குக் கிடைத்த மிகப் பெரிய வெற்றி இதுதான் என்று சொல்லலாம். வாங்கியவர்கள் குரல் கொடுத்ததால் வந்த வெற்றி என்பதால் கூடுதல் மகிழ்ச்சி.

ஏஎம்4-ன் வாரிசான ஏஎம்5, 2022 செப்டம்பரில் வந்தது. ஏஎம்டியும் இதில் ஊசிகளைப் போர்டுக்கு மாற்றிவிட்டது. ரேம் டிடிஆர்5 மட்டும். இன்டெல்லின் எல்ஜிஏ 1700, வழக்கத்துக்கு மாறாக 12, 13, 14 என்று மூன்று தலைமுறையைத் தாங்கியது. அதில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. கையில் நல்ல டிடிஆர்4 ரேம் இருப்பவருக்கு அந்தத் தேர்வு பெரிய மிச்சம். இரண்டு ரேமுக்கும் நடுவிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்று மற்றதன் பள்ளத்தில் இறங்காது. எந்த ரேமுக்கான போர்டு என்று கேட்க மறந்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே வந்து நிற்பார்கள். அவர்களோடு இன்னொருவரும் நிற்பார். பெயரின் கடைசியில் 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசஸரைக் கொஞ்சம் மலிவாக இருக்கிறதே என்று வாங்கி, மானிட்டர் கேபிளைப் போர்டில் செருகி, படமே வரவில்லை என்று வந்தவர். அந்தச் சிப்பில் கிராபிக்ஸ் இயங்காது, தனி கார்டு வேண்டும்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-ன் பட்டியலில் இன்டெல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்து, ரைசன் பெரும்பாலும் 2000 வரிசையிலிருந்து. 2017-ல் ஒரே தெருவில், ஏறக்குறைய ஒரே விலையில் வாங்கிய இரண்டு கம்ப்யூட்டர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் ஏழாம் தலைமுறை ஐ5, இன்னொன்றில் ரைசன் 5 1600. இரண்டுமே பட்டியலில் இல்லை. முதல் பெட்டிக்காரர் ரிச்சி தெருவில் போர்டு நம்பரைச் சொன்னால், போர்டும் பிராசஸரும் சேர்த்துத்தான் கொட்டேஷன் வரும். இரண்டாவது பெட்டிக்காரர் முதலில் வீட்டிலேயே போர்டு கம்பெனியின் ஆதரவுப் பட்டியலைப் பார்த்து, பழைய சிப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட்டு வந்தால் போதும். ரைசன் 5000 ஒன்றும், ஒரு சிறு டியூப் தெர்மல் பேஸ்ட்டும் வாங்குகிறார்.

வீட்டுக்கு வந்து, பழைய பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே இருக்கும் பழைய பேஸ்ட் இளகட்டும் என்று கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துகிறார். இளகாத பேஸ்ட் பழைய பிராசஸரை ஹீட்சிங்கோடு சேர்த்துப் பிடுங்கி, கால்களை வளைத்துவிடும். ஹீட்சிங்கை இட வலமாகத் திருகிக் கழற்றி, சாக்கெட்டின் பக்கவாட்டு நெம்புகோலைத் தூக்குகிறார். புதுச் சிப்பின் மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தைப் போர்டின் முக்கோணத்துக்கு நேராக வைத்து, அழுத்தாமல் விடுகிறார். சிப் தன் எடையிலேயே இறங்கி உட்காருகிறது.